நண்பனை அழைக்கும் இருபத்தாறு நிமிடங்கள்: சகாவை இழந்த ராக் குழுவின் பாடலுக்குப் பொருள் காணும் முறை

ராக் இசைக்குப் புதியவர் ஒருவர், தன் சகாவை இழந்த குழு பாடும் துயரப் பாடலைக் கேட்டவுடன், அந்தச் சகா யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கிவிடுகிறார். வாழ்க்கைக் கதை கைக்கு வந்ததும் பாட்டின் ஒவ்வொரு வரியையும் அக்கதையின் ஒவ்வொரு சம்பவத்தோடு பொருத்தி முடித்துவிட்டு, பொருள் விளங்கிவிட்டது என்ற நிறைவோடு அடுத்த பாடலுக்குப் போய்விடுகிறார். இக்கட்டுரை அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறது. முதலில் ஒலியைக் கேட்க வேண்டும். பிறகு சொற்களை இலக்கணத்தோடு படிக்க வேண்டும். அதற்குப் பிறகே வரலாற்றைத் தொட வேண்டும். வரலாற்றைத் தொடும்போதும், இழக்கப்பட்டவர் யார் என்று கேட்பதோடு நில்லாமல், அழுகிறவர் யார், அவருக்கும் அந்த இழப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்க வேண்டும்.

பயிற்சிக்கு, பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்ட் 1975 செப்டம்பரில் வெளியிட்ட 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தில் உள்ள 'ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்' (ஒளிர்ந்துகொண்டே இரு, கிறுக்கு வைரமே) என்ற பாடலை எடுத்துக்கொள்கிறேன். அது சிட் பாரெட்டைப் பற்றியது; அவர்தான் அக்குழுவுக்குப் பெயரிட்டவர், அதன் முதல் பாடகர், முதல் பாடலாசிரியர். பாடல் வெளிவந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார் என்பதே இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். மரணச் செய்தியோடு பொருத்திப் பார்க்கும் குறுக்குவழி இங்கே செல்லாது என்பதால், கற்றுக்கொள்பவருக்கு இது நல்ல களம்.

முதலில் கேட்பது

இந்தப் பாடல் ஒன்பது பகுதிகளைக் கொண்டது. மொத்தம் ஏறத்தாழ 26 நிமிடங்கள். முதல் ஐந்து பகுதிகள் ஆல்பத்தைத் தொடக்கிவைக்கின்றன, கடைசி நான்கு பகுதிகள் அதை முடித்துவைக்கின்றன, இடையில் வேறு மூன்று பாடல்கள் இருக்கின்றன. ஆகவே பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியைச் செயலியில் நிறுத்திவிட்டு, ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரே அமர்வில், முடிந்தால் ஹெட்போனில் கேளுங்கள். முதல் முறை கேட்கும்போது பாடல் வரிகளைத் திறந்து வைத்துக்கொள்ளக் கூடாது. இந்த நிபந்தனையை மீறுபவர்களே அதிகம். நானும் முதன்முறை, குரல் எப்போது வரும் என்று பொறுமையிழந்து தொடக்கத்தை வேகமாக ஓட்டிவிட்டவன்தான். அதனால் பாடலின் பாதிப் பொருளை இழந்தேன் என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

குரல் வருவதற்கு எட்டரை நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. ஒருவரை நினைத்துத் துக்கப்படும் பாட்டு, அவரைப் பற்றி ஒரு சொல் சொல்வதற்கு முன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் மெல்ல எழும் ஒலிப்படலத்தில், குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் சிந்தசைசரோடு, நீர் தொட்ட விரலால் ஒயின் கோப்பைகளின் விளிம்பைத் தேய்த்து எழுப்பிய ஒலியும் கலந்திருக்கிறது. 1973-இல் பெரும் வெற்றி கண்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்துக்குப் பிறகு, வாத்தியங்களையே தொடாமல் வீட்டுப் பொருள்களை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் செய்யலாம் என்று இக்குழுவினர் முயன்று கைவிட்டார்கள்; அம்முயற்சியில் மிஞ்சிய ஒலி இது.

ஏறத்தாழ நான்காவது நிமிடத்தில், டேவிட் கில்மோரின் கிட்டாரிலிருந்து நான்கு சுரங்கள் மட்டும் தனியாக வரும். அவை ஒலித்து, காற்றில் தேய்ந்து, பிறகு திரும்பவும் வரும். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்குச் சொல்வதானால், பாடலின் ஆதாரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் இவை சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், ஷட்ஜம், சதுச்ருதி தைவதம். மூன்றாவது சுரத்தில் ஆதாரத்தைத் தொட்டுவிட்டு, அங்கே இளைப்பாறாமல் தைவதத்தில் போய் நிற்பதால், வாக்கியம் முடியாதது போலவே காதில் தங்கிவிடுகிறது. கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது போன்ற உணர்வு அங்கிருந்துதான் பிறக்கிறது என்பது என் கருத்து. ஒத்திகையில் கில்மோர் வாசித்த இந்த நான்கு சுரங்களே, குழுவின் பேஸ் கிட்டார் கலைஞரும் பாடலாசிரியருமான ரோஜர் வாட்டர்ஸுக்குப் பாரெட்டின் நினைவைக் கிளப்பி வரிகளை எழுத வைத்தன என்பது குழுவினரே சொன்ன செய்தி. அதாவது துயரம் முதலில் ஒலியாக வந்தது, சொல் அதன் பின்னால் வந்தது. கேட்பவரும் அதே வரிசையில் போவதுதான் நியாயம்.

அடுத்து சொற்கள்

இரண்டாம் முறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். உருவகங்களை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, ஒரு தாளில் மூன்று செய்திகளை மட்டும் குறியுங்கள்: யார் யாரிடம் பேசுகிறார், எந்தக் காலத்தில் பேசுகிறார், எந்தச் சொல் மீண்டும் வருகிறது.

முதல் பாதி முழுவதும் முன்னிலையில் பேசப்படுகிறது. 'அவன் இப்படி இருந்தான்' என்று மூன்றாம் ஆளிடம் சொல்லும் இரங்கலுரை இதில் இல்லை. 'நீ' என்று நேராக முகம் பார்த்துப் பேசுகிறது. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு கிடையாது என்றாலும், தமிழில் எண்ணிப் பார்க்கும்போது இங்கே 'நீ' தவிர வேறு எதுவும் பொருந்தாது. வாட்டர்ஸும் பாரெட்டும் கேம்பிரிட்ஜில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இளமையில் நீ சூரியனைப் போல ஒளிர்ந்தாயே, நினைவிருக்கிறதா என்று தொடங்கும் முதல் வரி, அந்த இளமையைக் கண்ணால் பார்த்தவன் கேட்கும் கேள்வி.

காலத்தைக் கவனித்தால், சரணங்கள் பெரும்பாலும் இறந்தகாலத்தில் போகின்றன. ஆனால் திரும்பத் திரும்ப வரும் அழைப்பு ஏவலில் இருக்கிறது. ஒளிர்ந்துகொண்டே இரு என்று ஏவுவதற்கு, ஏவப்படுபவர் எங்கோ இருக்க வேண்டும். நம் புறப்பாடல்களில் கையறுநிலை என்ற துறை உண்டு. மன்னனோ வள்ளலோ மாய்ந்தபின், அவனைச் சார்ந்திருந்தவர்கள் செயலற்று நின்று பாடுவது அது. அத்துறையைப் படித்த பழக்கத்தோடு இந்தப் பாட்டுக்கு வருபவர்கள் இந்த ஏவல் வினையிடம் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் ஒப்பாரியிலிருந்து இதைப் பிரிக்கிற கோடு அங்கேதான் இருக்கிறது.

'கிரேசி' என்ற சொல்லைத் தமிழில் எப்படி எண்ணுவது என்பதும் பொருள்கொள்வதன் ஒரு பகுதியே. பைத்தியம் என்றால் அது நோயின் பெயராகவோ வசையாகவோ ஆகிவிடும். கிறுக்கா என்று நண்பனைத் தோளில் தட்டிக் கூப்பிடுவோமே, அந்த உரிமையும் செல்லமும்தான் இங்கே அதிகம் ஒலிக்கிறது. பித்தா என்று இறைவனையே விளித்த மொழியில் இதை விளங்கிக்கொள்வது கடினமில்லை. எனினும் நோயின் நிழல் அச்சொல்லில் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவசரப்பட வேண்டாம்.

இனி உருவகங்களுக்கு வரலாம். இவற்றைத் தனித்தனி அலங்காரங்களாகப் படிக்காமல் ஒரே குடும்பமாகச் சேர்த்துப் பாருங்கள். சூரியன், வைரம், நட்சத்திரப் புகழ் என எல்லாமே ஒளி. அந்த ஒளிக்கு எதிரே, அவருடைய இப்போதைய கண்கள் வானத்துக் கருந்துளைகளுக்கு ஒப்பிடப்படுகின்றன. பெரிய நட்சத்திரம் தன் எடையிலேயே நொறுங்கி, ஒளியும் தப்ப முடியாத நிலைக்குப் போவதுதான் கருந்துளை என்பதை நினைத்தால், முதல் வரியின் சூரியனுக்கு என்ன ஆயிற்று என்பதை அடுத்த வரியே சொல்லிவிடுவது தெரியும். பிறகு ஒளியே பகையாகிறது: இரவில் நிழல்கள் அச்சுறுத்துகின்றன, வெளிச்சத்திலோ மறைய இடமில்லாமல் அம்பலப்பட்டு நிற்கிறார்.

ஆங்கில மரபுத்தொடர்களையும் தெரிந்துகொள்ளாமல் மேலே போகக் கூடாது. நிலாவுக்காக அழுவது என்றால் கிடைக்க முடியாததைக் கேட்பது. நிலாவைப் பிடித்துத் தா என்று அடம்பிடிக்கும் குழந்தையை அறிந்த நமக்கு இது எளிது. வரவேற்பைத் தேய்த்துத் தீர்த்துவிட்டாய் என்ற பொருளில் வரும் தொடர் அதைவிட முக்கியமானது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கணக்கைத் தாண்டித் தங்கிய விருந்தாளியைப் பற்றிச் சொல்லும் வழக்கு அது. அதையும் குறிதவறாத தாறுமாறோடு செய்தாய் என்று சொல்வது கூர்மையான முரண். இந்த வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்; சற்று நேரத்தில் இதற்குத் திரும்பி வருவோம்.

இப்போது தாளில் குறித்ததைப் பாருங்கள். முதல் பாதியில் 'நான்' என்ற சொல்லே இல்லை. ஆல்பத்தின் கடைசியில் வரும் இரண்டாம் பாதியில்தான், நீ எங்கே இருக்கிறாய், அருகிலா தொலைவிலா என்று யாருக்கும் தெரியாது என்று சொன்ன பிறகு, நானும் அங்கே வந்து உன்னோடு சேர்ந்துகொள்வேன் என்று பாடுகிறவர் முதன்முறையாகத் தலைகாட்டுகிறார். உடனே அது 'நாம்' ஆகிறது: நேற்றைய வெற்றியின் நிழலில் நாம் குளிர்காய்வோம் என்கிறார். குளிர்காய்வதற்கு நெருப்போ வெயிலோ வேண்டும். நிழலில் யாரும் குளிர்காய்வதில்லை. முதல் பாதியில் பாரெட்டை அடித்துக்கொண்டுபோன எஃகுக் காற்று, இரண்டாம் பாதியில் 'நம்மை' ஏற்றிக்கொண்டு போகிறது. ஒரே சொல்லை இரண்டு இடங்களில் வைத்து, அவருக்கு நேர்ந்ததுதான் நமக்கும் நேர்கிறது என்று எழுதியவர் சொல்லாமல் சொல்லும் இடம் இது. நடுவில் உள்ள மூன்று பாடல்களில் இரண்டு, இசை வணிகம் மனிதர்களை எப்படி அரைத்தெடுக்கிறது என்பதைப் பேசுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 'நான்' ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது என்பதற்கு விடை ஆல்பத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

பிறகு வரலாறு

இதுவரை ஒலியிலும் சொல்லிலும் கண்டதை வைத்துக்கொண்டு இப்போது வாழ்க்கைக் கதைக்குப் போகலாம். சம்பவங்களை விடத் தேதிகளையே முதலில் தேடுங்கள் என்பது என் அறிவுரை, ஏனென்றால் தவறான விளக்கங்களைத் தேதியைப் போல எளிதாக வீழ்த்தும் கருவி வேறில்லை.

பாரெட் 1946 ஜனவரி 6 அன்று கேம்பிரிட்ஜில் பிறந்தார். ஓவியம் பயில லண்டன் வந்தவர், 1965-இல் உருவான பிங்க் ஃப்ளாய்டின் மையமானார். 1967-இல் வந்த முதல் ஆல்பமான 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' பெரும்பாலும் அவர் எழுதியது. பாடலில் அவரை ஓவியனே, குழலூதியே, கைதியே என்று விளிக்கும்போது, முதலிரண்டு விளிகளும் வெறும் கற்பனை அல்ல என்பது இங்கே தெளிவாகும். அந்த ஆண்டின் இறுதிக்குள் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் பழக்கமும் மனநிலைக் குலைவும் சேர்ந்து, அவர் மேடையில் வாசிக்காமலே நிற்கும் நிலைக்குப் போனார். கேம்பிரிட்ஜ் நண்பரான கில்மோர் குழுவில் சேர்க்கப்பட்டார். 1968 ஜனவரியில் சௌத்தாம்ப்டனில் ஒரு கச்சேரிக்குப் புறப்பட்டபோது, சிட்டை அழைத்துக்கொண்டு போக வேண்டுமா என்ற பேச்சு வண்டியில் எழுந்தது. வேண்டாம் என்று முடிவாயிற்று. அவ்வளவுதான். ஏப்ரலில் அவர் விலகியது அறிவிக்கப்பட்டது. 1970-இல் அவருடைய இரண்டு தனி ஆல்பங்கள் வந்தன. அவற்றின் ஒலிப்பதிவில் கைகொடுத்தவர்களும் இதே பழைய சகாக்கள்தான். அதன்பின் அவர் இசையை விட்டு ஒதுங்கினார்.

இப்பாடலைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற கதை 1975 ஜூனில் நடந்தது. லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் இந்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, உடல் பருத்து, தலையும் புருவமும் மழித்த ஒருவர் அழைப்பின்றி உள்ளே வந்து நின்றார். அவர் பாரெட் என்று பழைய நண்பர்களுக்கே வெகுநேரம் அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபோது சிலர் அழுதார்கள். அன்று எந்தப் பகுதியில் வேலை நடந்தது என்பது போன்ற நுணுக்கங்களில் குழுவினரின் நினைவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. இந்தக் காட்சியில் மனதைப் பறிகொடுக்கும் புதிய கேட்பாளர், பாட்டின் கருந்துளைக் கண்களை அந்த நாளோடு முடிச்சுப் போட்டுவிடுவார். ஆனால் பாடலை 1974-இல் எழுதி, அந்த ஆண்டு ஜூன் மாதமே பிரான்ஸ் மேடைகளில் பாடிவிட்டார்கள். வந்து நின்றவரைப் பார்த்து எழுதிய பாட்டு அல்ல இது. எழுதி ஓராண்டுக்குப் பின், பாடப்பட்டவரே தன் பாட்டின் முன்னால் வந்து நின்றார். இப்படிப் புரிந்துகொண்டால் அந்தச் சம்பவத்தின் கனம் கூடுமே தவிர, குறையாது.

தலைப்பின் ஷைன், யூ, டைமண்ட் என்ற மூன்று முக்கியச் சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைப் பொறுக்கினால் சிட் என்ற பெயர் கிடைக்கிறது என்று யாராவது உங்களிடம் உற்சாகமாகச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அதனால் பாட்டில் ஒரு வரிகூடக் கூடுதலாக விளங்காது. அவருக்கு இன்ன மனநோய் என்று தூரத்திலிருந்து பெயர் சூட்டுவதையும் தவிர்க்க வேண்டும். மேதைமைக்குப் பைத்தியமே விலை என்பது போன்ற கவர்ச்சியான பேச்சு, ஒரு மனிதரின் துன்பத்தை அலங்காரப் பொருளாக்குவதோடு, பாட்டில் இருக்கிற குற்றவுணர்வை முழுக்க மறைத்துவிடுகிறது.

அழுவது யார்

அடிக்கோடிட்ட வரிக்கு இப்போது திரும்புவோம். வரவேற்பைத் தேய்த்துத் தீர்த்துவிட்டாய் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அந்த வரவேற்பு யாருடையது? கதவு யாருடையது? விருந்தாளிமேல் சலித்துப்போன வீட்டுக்காரரே அந்த வரியைப் பாடுகிறார். 1968-இல் வண்டியை நிறுத்தாமல் போனவர்களே 1974-இல் உட்கார்ந்து, நீ ஒளிர்ந்தாயே என்று எழுதுகிறார்கள். இங்கே இரங்கலும் குற்றவுணர்வும் ஒரே குரலில் இருக்கின்றன. அந்தக் குரல் தன்னை மன்னித்துக்கொள்ளவும் இல்லை, வெளிப்படையாக மன்னிப்புக் கேட்கவும் இல்லை. உனக்காக வருந்துகிறேன் என்று ஒரு வரி போட்டிருந்தால் பாட்டு எளிதாகியிருக்கும், மலிவாகவும் ஆகியிருக்கும்.

வாட்டர்ஸ் ஒரு பேட்டியில், இது சிட்டைப் பற்றி மட்டுமான பாட்டு அல்ல, வாழ்வின் துயரத்தைத் தாங்க முடியாமல் மனிதர்கள் முற்றாக விலகிப்போகும் நிலைக்கு அவர் ஒரு குறியீடு என்ற பொருள்படப் பேசியிருக்கிறார். எழுதியவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. குறியீடு என்று பொதுமைப்படுத்துவது எழுதியவருக்கே ஒரு தப்பிக்கும் வழியாகவும் இருக்கலாம் என்று நான் சந்தேகிக்கிறேன். எப்படியாயினும், இரண்டாம் பாதியில் 'நாம்' வருவதை அவருடைய கூற்று ஒட்டியே செல்கிறது: 1975-இல் அந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் உடலால் இருந்து மனத்தால் இல்லாமல் போனவர்கள் பாரெட்டின் சகாக்களும்தான்.

வேறு பாடல்களில் சோதிப்பது

கற்ற முறையை, முற்றிலும் மாறுபட்ட ஒரு பாடலில் உரசிப் பார்ப்பது நல்லது. ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில் இறந்தார். ஐந்தே மாதங்களில் புதிய பாடகர் பிரையன் ஜான்சனோடு 'பேக் இன் பிளாக்' ஆல்பம், துக்கத்தின் அடையாளமாகக் கறுப்பு அட்டையோடு வந்தது. அதே பெயர் கொண்ட பாடலில் கண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. தூக்குக் கயிற்றிலிருந்து தப்பிவிட்டேன், பாடை வண்டியை மறந்துவிடு, நான் சாகவே மாட்டேன் என்ற வீறாப்புத்தான் இருக்கிறது. யார் பேசுகிறார் என்ற நம் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். செத்தவரின் இடத்தில் நிற்கும் புதியவர், 'நான்' என்று பாடுகிறார். அந்த 'நான்' புதியவரா, இறந்தவரா, மீண்டு வந்த குழுவா என்று பிரிக்க முடியவில்லை. அதைத் துக்கமில்லாத பாட்டு என்று தள்ளிவிடுபவர்கள் அந்த ஒரு சொல்லைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

மெட்டாலிகாவின் பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பர் 27 அன்று சுவீடனில் பேருந்து விபத்தில் இறந்தார். 1988-இல் அவருக்காக அக்குழு வெளியிட்ட, ஏறத்தாழப் பத்து நிமிடம் ஓடும் 'டு லிவ் இஸ் டு டை' பெரும்பகுதி சொற்களே இல்லாதது. அவர் விட்டுச்சென்ற இசைத் துணுக்குகளும் அதில் இருப்பதால் பர்ட்டனின் பெயரும் ஆக்கியோர் வரிசையில் இடம்பெறுகிறது. சொல்லைப் பிடித்துக்கொண்டே பொருள் தேடிப் பழகியவர்களுக்கு இதுதான் கடினமான தேர்வு. முதல் படியை ஒழுங்காகச் செய்தவர்கள் மட்டுமே இதில் ஏதாவது கண்டு எழுத முடியும்.

கேட்டு முடித்ததும் ஒரு பத்தி எழுதுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே, இது ஒலியிலிருந்து வந்ததா, சொல்லிலிருந்து வந்ததா, வரலாற்றிலிருந்து வந்ததா என்று குறியுங்கள். எல்லாமே வரலாற்றிலிருந்து வந்திருந்தால், தாளை வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான்.

அப்படிக் கேட்கும்போது, நம் பாடலின் கடைசி நிமிடத்துக்கு ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். ஒன்பதாம் பகுதி ரைட் மட்டும் தனியாக இயற்றியது. குரல் ஓய்ந்த பிறகு மெதுவான ஊர்வல நடையில் செல்கிறது. அது தேய்ந்து மறையும் தறுவாயில், 1967-இல் பாரெட் எழுதி வெற்றிபெற்ற 'சீ எமிலி பிளே' பாடலின் மெட்டிலிருந்து ஒரு சிறு துணுக்கைச் சிந்தசைசரில் தொட்டுவிட்டுப் போகிறார். இருபத்தாறு நிமிடங்களாக அழைக்கப்பட்டவரின் சொந்த மெட்டு, அங்கேதான் ஒரே ஒரு முறை ஒலிக்கிறது. அதுவரை சாதாரண காந்தாரத்தின் சோகத்தில் இருந்த பாட்டு, அதைவிடச் சற்றே உயர்ந்த அந்தர காந்தாரத்துக்கு மாறி முடிகிறது. பாரெட் 2006 ஜூலை 7 அன்று கேம்பிரிட்ஜில் இறந்தார், ரைட் 2008 செப்டம்பரில் இறந்தார். இதைப் பதிவுசெய்த நாளில் இருவரும் இருந்தார்கள், அந்த மெட்டைக் கேட்டிருக்கக்கூடியவர் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, படம் வரைந்துகொண்டு இன்னும் பல ஆண்டுகள் வாழவிருந்தார் என்பதை மறக்காமல் கேளுங்கள்.